டீ தடுக்கும் மூலக்கூறு: அடினோசினும் அடிபட்ட மூளையும்

ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் திருப்பூரில் ஒரு ஷிப்ட் ஒன்றரை ஷிப்டாக நீளும். காலை எட்டரைக்குப் பவர் டேபிளில் உட்கார்ந்த டெய்லர் இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார். அவசர ஆர்டர் என்றால் நள்ளிரவும் தாண்டும். பல்லடம், உடுமலைப் பக்கத்து நூற்பாலைகளில் ராத்திரி ஷிப்ட் வருஷம் முழுக்க உண்டு. இவ்வளவையும் தாங்கிப் பிடிப்பது டீ. அந்த டீ மூளைக்குள் தடுத்து நிறுத்துவது அடினோசின் என்ற சிறு மூலக்கூறின் வேலையை. தலைக்காயத்திலிருந்து பார்கின்சன் நோய் வரை நரம்பியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவதும் அதே மூலக்கூறுதான்.

செல்கள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறை உடைத்து ஆற்றல் பெறுகின்றன. ஏ.டி.பி. படிப்படியாக உடைந்து மிஞ்சுவது அடினோசின். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட இது மூளையில் சேரும் என்பதை 1997இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் பூனைகளில் அளந்து காட்டினார்கள். சேர்ந்த அடினோசின் நரம்பு செல்களின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேகத்தைக் குறைக்கிறது, கண் சொருகுகிறது. டீ, காபியிலுள்ள காஃபின் அந்த ஏற்பிகளில் முந்திப்போய் இடம் பிடித்துவிடும். உள்ளே சேர்ந்த அடினோசின் அப்படியேதான் இருக்கும், அதன் சேதி மட்டும் எட்டாது. ஆஸ்துமாக்காரர்களுக்கு நன்கு பழக்கமான டெரிபிலின் மாத்திரையில் இருக்கும் தியோபிலினும் இதே ஏற்பிகளைத் தடுப்பதுதான். அதைப் போட்ட இரவு சிலர் தூங்காமல் புரள்வதற்கு இது ஒரு காரணம்.

தலையில் பலமாக அடிபட்டால், அல்லது பக்கவாதத்தில் மூளைக்கு ரத்தம் போவது நின்றால், நாள் முழுக்கச் சேர வேண்டிய அடினோசின் சில நிமிடங்களில் பெருகிவிடும். கிழிந்த செல்களிலிருந்து ஏ.டி.பி. வெளியே கொட்டுகிறது; அங்கிருக்கும் நொதிகள் அதை அடினோசினாக மாற்றுகின்றன. அடிபட்ட மூளையில் குளூட்டமேட் என்ற தூண்டுபொருளும் அளவு மீறிப் பாய்ந்து, நல்ல செல்களையும் ஓயாமல் தூண்டிச் சாகடிக்கும். அடினோசின் அப்போது தன் ஏற்பிகளில் ஒன்றான ஏ1 வழியாகக் குளூட்டமேட் சுரப்பை அடக்கி, செல்களின் ஆற்றல் தேவையையும் குறைக்கிறது. மின்சாரம் போய் ஜெனரேட்டரில் ஓடும்போது, லோடு தாங்காது என்று சூப்பர்வைசர் பாதி மிஷினை நிறுத்தச் சொல்வது போன்ற ஏற்பாடு இது.

அப்படியானால் அடிபட்டவுடன் ஏ1 ஏற்பியைத் தூண்டும் ஊசியைப் போட்டுவிடலாமே? விலங்குகளில் பலன் தெரிந்தும் மனிதருக்கு மருந்தாகாமல் போனதற்கு இதயம் முக்கியக் காரணம். அடினோசின் இதயத் துடிப்பை மந்தமாக்கும் என்பதை 1929இலேயே கேம்பிரிட்ஜில் ட்ரூரியும் சென்ட்-ஜியார்ஜியும் கண்டுபிடித்தார்கள். திடீரெனத் தறிகெட்டு ஓடும் சிலவகைத் துடிப்பை நிறுத்த மருத்துவமனைகளில் இன்றும் அடினோசின் ஊசி போடுகிறார்கள். அதன் வேலை சில நொடிகளில் முடிந்துவிடும். மூளைக்காக மணிக்கணக்கில் கொடுத்தால் துடிப்பும் ரத்த அழுத்தமும் விழும்.

இன்னொரு சிக்கல் ஏ2ஏ என்ற ஏற்பி. அடிபட்ட சில நாட்களில் ஏ1 அடங்கி, ஏ2ஏயின் கை ஓங்குகிறது. சீனாவின் சோங்சிங் நகர ராணுவ மருத்துவ ஆய்வாளர்கள் 2010இல் எலிகளில் ஒன்றைக் காட்டினார்கள்: சுற்றிலும் குளூட்டமேட் குறைவாக இருந்தால் ஏ2ஏ அழற்சியைத் தணிக்கிறது; மிகுந்திருந்தால் அதே ஏற்பி அழற்சியைக் கிளப்புகிறது. ஒரே மருந்து ஒரு நேரம் காப்பாற்றும், மற்றொரு நேரம் கெடுக்கும் என்றால், எந்த நேரத்தில் கொடுப்பது என்பதே சிகிச்சையின் உயிர்நாடியாகிறது. இந்தத் துறையின் மிகக் கடினமான கேள்வி அதுதான்.

ஏ2ஏயை வைத்து உருப்படியான மருந்து கிடைத்திருப்பது பார்கின்சன் நோய்க்கு. உடலசைவை ஆளும் மூளைப்பகுதியில் டோபமினும் அடினோசினும் எதிரெதிராக இழுப்பவை. டோபமின் சுரக்கும் செல்கள் அழிந்ததும் அடினோசினின் பக்கம் வலுத்து, கைகால் கட்டுண்டு போகிறது. ஏ2ஏயைத் தடுக்கும் இஸ்ட்ராடெஃபிலின் மாத்திரைக்கு ஜப்பான் 2013இலும் அமெரிக்கா 2019இலும் அனுமதி தந்தன, லெவோடோபா என்ற வழக்கமான பார்கின்சன் மருந்துக்குத் துணைமருந்தாக மட்டும். ஐரோப்பிய மருந்து முகமை 2021இல் பலன் போதவில்லை என்று மறுத்துவிட்டது.

காபி குடிப்பவர்களுக்குப் பார்கின்சன் குறைவு என்ற பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. ஹவாயில் 8,004 ஜப்பானிய-அமெரிக்க ஆண்களை 30 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2000இல் வெளியானது. அதில், காபியே குடிக்காதவர்களுக்கு நோய் வந்த விகிதம் மிக அதிகம் குடித்தவர்களைவிட ஐந்து மடங்கு. ஆனால் ஏற்கெனவே நோய் வந்த 121 பேரை வைத்துக் காஃபின் மாத்திரையைச் சோதித்த ஆய்வு 2017இல் ஏமாற்றத்தில் முடிந்தது. அசைவில் முன்னேற்றம் இல்லை. ஆகவே யாரும் இதை நம்பி டீயைக் கூட்ட வேண்டியதில்லை.

திருப்பூருக்கு இதில் நேரடியாகப் பொருந்துவது தூக்கக் கணக்கு. டீ அலுப்பை மறைக்குமே தவிர, தூக்கக் கடனைத் தீர்க்காது. ரத்தத்தில் காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும் என்பதால், ஷிப்ட் முடியும் நேரத்து டீ வீட்டுத் தூக்கத்தையும் கெடுக்கும். இரவு வேலை வாங்கும் கம்பெனிகள் கூடுதல் டீ கொடுப்பதோடு நிற்காமல், இரண்டு ஷிப்டுக்கு இடையே போதிய ஓய்வையும் தர வேண்டும். தூக்கம் கெட்டவர்கள் நள்ளிரவில் பைக்கில் திரும்புவது அவிநாசி, தாராபுரம் சாலைகளில் அன்றாடக் காட்சி.

தலையில் அடிபட்டவருக்கு மயக்கம், குழப்பம், வாந்தி, தாங்காத தலைவலி, தூக்கக் கலக்கம் இவற்றில் எது இருந்தாலும், ஒரு டீ குடித்தால் தெளியும் என்றோ தூங்கி எழுந்தால் சரியாகும் என்றோ விட்டுவிடக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலை விபத்தில் சிக்கிய எவருக்கும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கும்கூட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் இலவசம்.