ஞாயிறு மாலையில் சயனைடு மேடு

கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. அதன்பின் நம்மவர் ஆயிரக்கணக்கில் விடிகாலையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புகின்றனர். சொந்த ஊரைப் பகலில் பார்க்க ஞாயிறுதான் கிடைக்கிறது.

அந்த ஞாயிறுக்கு ஒரு யோசனை. கைப்பேசியோடு சயனைடு மேட்டுப் பக்கம் போங்கள். தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கல்தூள்தான் அது. உச்சிவெயிலில் படமெடுத்தால் வெறும் வெள்ளைச் சுவர். மாலை ஐந்தரைக்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது பாருங்கள்! மழை அறுத்த ஒவ்வொரு கோடும் நிழலோடு எழுந்து நிற்கும். எட்ட நின்றே எடுங்கள். காற்றடிக்கும் நாளில் வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

சயனைடுக்கும் படத்துக்கும் பழைய உறவு உண்டு. தங்கத்தைக் கரைக்கும் அதே சரக்கு, 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடித் தகட்டுப் படங்களை அழியாமல் நிறுத்தவும் பயன்பட்டது.

மேட்டோடு நின்றுவிட வேண்டாம். லைன் வீட்டுத் தகரக் கூரை, துருவேறிய சக்கரக் கோபுரம், அப்பாவின் சுரங்கத் தொப்பி எல்லாமே படம்தான். அப்பா இருந்தால் தொப்பியோடு அவரையும் எடுங்கள். பிரதி போட்டு, பின்புறம் பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டுமல்லவா?