கடலுக்கும் இரத்த சோகை!

முகம் வெளுத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினால், "உடம்பில் இரும்புச் சத்து இல்லை" என்கிறார் டாக்டர். கடலுக்கும் இந்தக் குறை உண்டு. தென் துருவத்தைச் சுற்றியுள்ள சமுத்திரமே அந்த நோயாளி.

அண்டார்ட்டிகாவைச் சூழ்ந்த கடலில் நைட்ரேட், பாஸ்பேட் உரங்களுக்குப் பஞ்சமில்லை. கோடையில் வெளிச்சத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் பல இடங்களில் பாசி செழிப்பதில்லை. இரும்பு இல்லாமல் பாசியால் உணவு தயாரிக்க முடியாது. அங்கே பத்து லட்சம் லிட்டர் நீரில் கரைந்திருக்கும் இரும்பு சுமார் 10 மில்லிகிராம்தான். ஒரு குண்டூசியின் எடைகூட வராது!

மற்றக் கடல்களுக்குப் பாலைவனப் புழுதியும் ஆற்று நீரும் இரும்பைக் கொண்டு சேர்க்கின்றன. பனி மூடிய கண்டத்தில் புழுதி ஏது? வரும் கொஞ்ச இரும்பும் துருவாகி அடியில் போய்விடுகிறது.

பனிக்கட்டியில் சேமிப்பு

குளிர்காலத்தில் கடலின் மேற்பரப்பே உறைந்துவிடுகிறது. செப்டம்பரில் இது சுமார் 1 கோடியே 80 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் பரவும். உறையும்போது உப்பு நீர் மெல்லிய குழாய்களாகக் கட்டிக்குள் தங்குகிறது. அதற்குள் டயாட்டம் என்னும் பாசி குடியிருக்கிறது. கட்டியைப் புரட்டினால் அடிப்பக்கம் பழுப்பாக இருக்கும்.

கீழேயுள்ள நீரைவிடப் 10 முதல் 100 மடங்கு இரும்பு இந்தக் கட்டியில் சேர்ந்திருக்கும். மாதாமாதம் பிடித்த சேமநிதி ஒரே நாளில் கைக்கு வருவது போல, வசந்தத்தில் பனி உருகியதும் அது கடலில் கலக்கிறது. பாசி மளமளவென்று பெருகுகிறது. நம்மூர்க் கூனியைப் போன்ற கிரில் அதைத் தின்கிறது. கிரிலின் குஞ்சுகள் குளிர்காலத்தில் பிழைப்பதும் கட்டியின் அடியில் உள்ள பாசியைச் சுரண்டித் தின்றுதான். கிரிலை நம்பித் திமிங்கலமும் பெங்குவினும் வாழ்கின்றன.

மருந்து பலித்ததா?

கடலில் இரும்பைத் தூவினால் பாசி பெருகிக் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும் என்றார் அமெரிக்க விஞ்ஞானி ஜான் மார்ட்டின். அரைக் கப்பல் இரும்பு கொடுத்தால் பனி யுகத்தையே வரவழைப்பேன் என்று 1988-இல் வேடிக்கையாகச் சொன்னவர் அவர்.

2009-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மன் விஞ்ஞானிகளும் சேர்ந்து, தென் கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இதைச் சோதித்தனர். பெயர் 'லோஹாஃபெக்ஸ்'. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. பாசி வளர்ந்தது. ஆனால் சிற்றுயிர்கள் அதை மேய்ந்துவிட்டன. ஓடு கட்ட சிலிகா இல்லாததால் டயாட்டம் தழைக்கவில்லை. இழுத்த கரியமில வாயுவும் சொற்பமே. இரும்பு மட்டும் போதாது என்பது தெரிந்தது.

மனிதன் தூவிய மருந்து பலிக்காத இடத்தில், இயற்கை ஆண்டுதோறும் பனிக்கட்டி மூலம் மருந்து கொடுத்து வருகிறது. ஆனால் 2023 செப்டம்பரில் அந்தப் பனிப்பரப்பு 1 கோடியே 70 லட்சம் சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. 1979 முதல் செயற்கைக்கோள்கள் எடுத்துவரும் கணக்கில், குளிர்காலத்து உச்சம் இவ்வளவு குறைந்தது அதுவே முதல் தடவை. சேமிப்பே குறைந்தால், அதை நம்பியிருக்கும் குடும்பத்தின் கதி என்ன?