யாரும் தொடாத கணினி யாரோடு பேசுகிறது?

வீட்டில் கணினி சும்மா இருக்கிறது. வீடியோ ஓடவில்லை, யாரும் விளையாடவும் இல்லை. ஆனாலும் ரூட்டரில் உள்ள குட்டி விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. டேட்டா போய்வருகிறது என்று அர்த்தம். அனுப்புவது யார்? அது எங்கே போகிறது? நாமே துப்புத் துலக்கலாம், வாருங்கள்.

இணையத்தில் எந்தத் தகவலும் முழுசாகப் போவதில்லை. படமானாலும் பாட்டானாலும் சிறு துண்டுகளாகப் பிரிந்துதான் பயணம் செய்யும். ஒரு துண்டுக்குப் பெயர் ‘பாக்கெட்’. வீட்டு இணைப்பில் ஒரு பாக்கெட் பெரும்பாலும் 1,500 பைட்டைத் தாண்டாது. அதன் முகப்பில் புறப்பட்ட கணினி, போய்ச் சேரவேண்டிய கணினி இரண்டின் ஐ.பி. முகவரியும் இருக்கும். கூடவே ‘போர்ட்’ எண்ணும் இருக்கும். ஐ.பி. முகவரி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் விலாசம் என்றால், போர்ட் எண் அதில் உள்ள வீட்டின் கதவு எண். இந்த எண்ணே ஒரு துப்புதான்! 443 என்றால் வழக்கமாகப் பாதுகாப்பான இணையதளத் தொடர்பு. 123 என்றால் கணினி தன் கடிகாரத்தைச் சரிபார்க்கிறது.

இப்போது ஒரு சோதனை. பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் திறந்திருக்கும் நிரல்கள் எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். விண்டோஸ் கணினி என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘நெட்வொர்க்’ என்ற தலைப்பைச் சொடுக்கினால், அதிக டேட்டா இழுக்கும் நிரல் பட்டியலின் உச்சிக்கு வந்துவிடும். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ இருக்கிறது. எந்த நிரல், எந்த முகவரிக்கு, நொடிக்கு எத்தனை பைட் அனுப்புகிறது, எத்தனை பெறுகிறது என்று அது காட்டும். பத்து நிமிடம் பார்த்து, நிரலின் பெயரையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. விண்டோஸ் அப்டேட் இறங்கிக்கொண்டிருக்கும்; ஆன்டிவைரஸ் புதிய வைரஸ்களின் விவரங்களைக் கேட்டு வாங்கும்; புகைப்படங்கள் கிளவுடில் ஏறிக்கொண்டிருக்கும். தான் இறக்கிய அப்டேட்டின் துண்டுகளை விண்டோஸ் வேறு கணினிகளுக்கு அனுப்புவதும் உண்டு. வேண்டாமென்றால் செட்டிங்ஸில் அதை நிறுத்தலாம். ஆனால் பெயரே தெரியாத ஒரு நிரல் ஓயாமல் டேட்டாவை வெளியே அனுப்பினால் மட்டும் சந்தேகப்பட வேண்டும்.

அப்படிச் சந்தேகப்பட்ட ஒருவரின் கதை இது. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி பயன்படுத்தியதற்கான கணக்கில் 75 சென்ட் இடித்தது. ஒரு டாலர்கூட இல்லை! ‘போனால் போகட்டும்’ என்று விடவில்லை கிளிஃப் ஸ்டோல். அவர் அங்கே வேலை பார்த்த வானியலாளர். யாரோ கணினிக்குள் ஊடுருவியிருப்பது தெரிந்ததும், வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் பிரிண்டர்களைப் பொருத்தினார். ஊடுருவியவர் தட்டிய ஒவ்வொரு எழுத்தும் தாளில் அச்சாகி வந்தது. எல்லாவற்றையும் நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். மாதக்கணக்கில் தொடர்ந்த அந்தத் தேடல் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. அங்கிருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பவர் அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் புகுந்து தகவல் திருடி, சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கூட்டத்தில் ஒருவர் என்று தெரியவந்தது.

சின்ன வித்தியாசத்தையும் அலட்சியப்படுத்தாமல் அளந்து, எழுதி, காரணம் கேட்பதுதான் அறிவியல். அதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

உங்கள் நோட்டில் சந்தேகமான பெயர் ஏதாவது சிக்கினால், நீங்களாக எதையும் அழிக்காதீர்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டு, உடனே பெரியவர்களிடம் சொல்லி ஆன்டிவைரஸ் சோதனை செய்யச் சொல்லுங்கள். தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இந்திய அரசின் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ இலவசமாகவே தருகிறது. இன்னொன்று: உங்கள் வீட்டுக் கணினியை மட்டும் ஆராயுங்கள். அடுத்தவர் கணினியை அவர் அனுமதியில்லாமல் வேவு பார்ப்பது குற்றம்.