9 வோல்ட் விவகாரம்

பாளையங்கோட்டையில் கிடார் பெடல்களைப் பழுது பார்ப்பது என் தொழில். வருகிறவர்களில் சர்ச்சில் வாசிக்கிற பிள்ளைகள் அதிகம். மற்றவர்கள் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் போகிற ஆர்கெஸ்ட்ராக்காரர்கள். "அண்ணே, பெடலு போயிட்டுன்னு நினைக்கேன், ஒரே இரைச்சலாக் கேக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் பையைத் திறப்பார்கள். நான் முதலில் கேட்பது அடாப்டரை. "அது எதுக்குண்ணே, அது சும்மா கரண்டு குடுக்கதுதானே" என்பார்கள். அந்தச் 'சும்மா'வைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிடார் வாசிப்பவரின் காலடியில் வரிசையாகக் கிடக்கும் சின்ன உலோகப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். காலால் மிதித்தால் ஒன்று ஒலியைக் கரகரப்பாக்கும் (டிஸ்டார்ஷன்), இன்னொன்று எதிரொலிக்க வைக்கும் (டிலே), மற்றொன்று அலையடிக்க வைக்கும். கடைக்கு வந்து பரவலாக விற்ற முதல் கரகரப்புப் பெட்டி 1962-ல் அமெரிக்காவில் வெளியான மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' 1965-ல் வந்தபோது அந்தப் பெட்டியின் குரல் உலகம் முழுக்கக் கேட்டது. அது ஓடியது இரண்டு 1.5 வோல்ட் செல்லில், மொத்தமே 3 வோல்ட். பிறகு வந்தவர்கள் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கென்று எங்கும் கிடைத்த செவ்வகப் பாட்டரியை எடுத்துக்கொண்டார்கள். பெடல் உலகம் 9 வோல்ட்டில் நிலைத்தது அப்படித்தான்.

1977-ல் ஜப்பானின் பாஸ் கம்பெனி சிறிய பெடல்களை விற்கத் தொடங்கியது. அவற்றில் அடாப்டர் செருகும் துளையில் நடுப்பின் நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ். மற்ற கம்பெனிகளும் பெரும்பாலும் அதையே பின்பற்றின. ஆனால் நம் வீட்டில் இருக்கும் வைஃபை ரவுட்டர், சிசிடிவி கேமரா எல்லாம் அநேகமாக இதற்கு நேர்மாறு: நடுப்பின் பாசிட்டிவ். இரண்டின் பிளக்கும் பெரும்பாலும் ஒரே அளவு, 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2.1 உள்விட்டம். அச்சாகப் பொருந்தும். பொருந்துவதால்தான் ஆபத்து.

ரவுட்டர் அடாப்டரைச் செருகினால் என்ன ஆகும்? நல்ல பெடல்களில் மின்சாரம் நுழையும் இடத்திலேயே குறுக்காக ஒரு டயோடு இருக்கும். தலைகீழாக வரும் கரண்டை அது தன் வழியாகத் திருப்பிவிடும். அடாப்டர் சின்னதாக இருந்தால் அதுவே மூச்சடங்கி நின்றுவிடும், பெடல் பிழைக்கும். பெரிய அடாப்டராக இருந்தால் டயோடு கருகும், சில நேரம் போர்டில் செப்புத் தடமும் சேர்ந்து எரியும். டயோடு சில ரூபாய்தான், மாற்றிவிடலாம். டிஜிட்டல் பெடலில் உள்ளே இருக்கும் பிராசஸர் போய்விட்டால் என்னிடம் மருந்து கிடையாது.

ஆகவே பெடலின் பின்னால், அடாப்டரின் வயிற்றில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். வோல்ட் எத்தனை? பக்கத்தில் நேர்க்கோடும் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டி.சி.; அலைபோல ஒரு நெளி இருந்தால் ஏ.சி. லைன் 6 கம்பெனியின் பழைய பச்சை டிலே பெடல், டி.எல். 4, ஏ.சி. கேட்கிற ஜாதி, அதன் அடாப்டரைத் தெரியாமல் வேறு பெடலில் செருகி என்னிடம் வந்தவர்கள் உண்டு. அப்புறம், வட்டத்துக்குள் புள்ளி வைத்து இரு பக்கமும் கூட்டல், கழித்தல் போட்ட சின்னப் படம். நடுப்புள்ளியிலிருந்து போகும் கோடு எந்தக் குறியில் முடிகிறதோ அதுதான் நடுப்பின். இந்த மூன்றும் அப்படியே ஒத்துப்போக வேண்டும். பேரமே கிடையாது.

நான்காவது, மில்லி ஆம்பியர். இங்கேதான் எல்லாரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். "1 ஆம்பியர் அடாப்டரப் போட்டா 10 மில்லி ஆம்பியர் பெடலு கருகிராதாண்ணே?" கருகாது. பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். அடாப்டரில் எழுதியிருப்பது அதிகபட்சம் எவ்வளவு தர முடியும் என்பது மட்டுமே. கூடுதலாக இருந்தால் நல்லது, குறைந்தால்தான் தொல்லை. பாஸ் டி.எஸ். 1 போன்ற எளிய டிஸ்டார்ஷன் சில மில்லி ஆம்பியரிலேயே ஓடிவிடும். ஸ்ட்ரைமன் டைம்லைன் போன்ற பெரிய டிலே குறைந்தது 300 கேட்கும். லைன் 6 ஹெச்.எக்ஸ். ஸ்டாம்ப் 3 ஆம்பியர் அடாப்டரோடு வருகிறது. போதாத அடாப்டரில் விளக்கு எரியும், பெடல் ஓடுவதுபோலவே இருக்கும். பாட்டின் நடுவில் ஒருமுறை அணைந்து எழும். எல்லாப் பெடலுக்கும் கூட்டிப் போட்டு, மேலே கால் பங்கு சேர்த்து வாங்குங்கள்.

இனி இரைச்சல். இரைச்சலைக் காதால் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் என் கடைக்கு வரவேண்டிய அவசியம் பாதி குறையும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அடாப்டர் அதை நேராக்கும்போது சரியாக வடிகட்டாவிட்டால் 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல் மிஞ்சும். கிடாரின் ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை மீட்டுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். முனகல் அதற்கு ஒட்டி, ஒரு நூல் மேலே நின்றால், சந்தேகம் அடாப்டர் மேல். கொசு பறப்பதுபோல் மெல்லிய கீச்சாக இருந்தால் அது டிஜிட்டல் பெடலின் வேலை. கிடாரோடு உடம்பைத் திருப்பும்போது சத்தம் கூடிக் குறைந்தால் அது கிடாரின் பிக்கப், பக்கத்து டியூப்லைட்டிலிருந்து பிடிப்பது; அதற்கு எந்த அடாப்டரும் பரிகாரமல்ல. உறுதி செய்ய ஒரு எளிய சோதனை: ஒரே ஒரு பெடலை மட்டும் வைத்து, அடாப்டரைக் கழற்றிவிட்டு பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டதா, திருடன் யாரென்று தெரிந்துவிட்டது.

கொசுச் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஒரே அடாப்டரிலிருந்து மாலைபோல் கிளை பிரியும் வயரில் ஐந்தாறு பெடலை ஓட்டுவது வழக்கம். ஒண்டுக்குடித்தனத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மீட்டர் மாதிரி: ஒரு வீட்டில் மோட்டார் போட்டால் எல்லா வீட்டு விளக்கும் சிமிட்டும். டிஜிட்டல் பெடல் கரண்டை ஒரே சீராக இழுப்பதில்லை, மிக வேகமாக விட்டு விட்டு இழுக்கும். அந்தத் துடிப்பு எல்லாருக்கும் பொதுவான நெகட்டிவ் வயரில் ஏறுகிறது. அதே நெகட்டிவ்தான் பெடல்களை இணைக்கும் ஒலிக்கேபிளின் வெளிப்பின்னலிலும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வளையம். அந்த வளையத்தில் சுற்றும் அழுக்கு டிஸ்டார்ஷன் பெடலுக்குள் போனால் அது பல மடங்கு பெருக்கி வெளியே துப்பும். டிஸ்டார்ஷனுக்கு வேலையே அதுதானே.

இதற்கான வழி, ஒவ்வொரு வெளிவாயிலும் மற்றவற்றோடு உள்ளே ஒட்டாமல் தனித்தனியாக இருக்கும் பவர் சப்ளை. 'ஐசோலேட்டட்' என்பார்கள். விலை கூடுதல். மலிவான பெட்டிகள் சிலவற்றில் அந்தச் சொல் அட்டையில் மட்டுமே இருக்கும். வாங்கும்போது கையில் மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. பெட்டியைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, இரண்டு வெளிவாயில் வயர்களின் நடுத்துளைகளில் மீட்டரின் இரு முனைகளையும் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் உள்ளே நெகட்டிவ் பொதுவாக ஓடுகிறது. கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

இருந்தும், ஐசோலேட்டட்தான் எப்போதும் உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன். வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன்கள் கொண்டுவந்த பழைய ஜப்பான் பாஸ் பெடல்கள் எங்கள் பக்கம் நிறைய. அவற்றில் 'ஏ.சி.ஏ.' என்று அச்சிட்டவை, அந்தக் காலத்துச் சீர்படுத்தாத 12 வோல்ட் அடாப்டருக்காகச் செய்தவை. அவற்றுக்கு இன்றைய சுத்தமான 9 வோல்ட்டைத் தனி வாயிலிலிருந்து கொடுத்தால் விளக்கு மங்கும், ஒலி நோஞ்சானாகும். பெடல் செத்துவிட்டது என்று எடுத்து வருவார்கள். இன்றைய 9 வோல்ட்டுக்கான, 'பி.எஸ்.ஏ.' என்று அச்சிட்ட இன்னொரு பெடலோடு அதே மாலை வயரில் போட்டால், நெகட்டிவ் அந்தப் பக்கமாக வழி கண்டுபிடித்து, கிழவர் எழுந்து பாடுவார்.

இன்னொரு தனிப்பிறவி ஃபஸ் ஃபேஸ். 1966-ல் லண்டனில் பிறந்த வட்டப் பெட்டி. அதன் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகையில் பாசிட்டிவ்தான் தரை (கிரவுண்ட்), மற்றவற்றில் நெகட்டிவ். மற்ற பெடல்களோடு மாலை வயரில் கோத்தால் நேராக ஷார்ட். தனி வாயிலில் போடலாம், நடுப்பின் திசையைப் பார்த்து. எனக்கு அதைப் பாட்டரியில் கேட்கத்தான் பிடிக்கும். அது இழுக்கிற கரண்ட் மிகச் சொற்பம், மாதக்கணக்கில் ஓடும். ஆனால் வாசித்து முடித்ததும் உள்ளீட்டு ஜாக்கிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும். பெரும்பாலான பெடல்களில் பாட்டரிக்கு அந்த ஜாக்தான் சுவிட்ச்.

சிலர் 18 வோல்ட் கொடுத்தால் ஒலி விரிவாக இருக்கும் என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். சில ஓவர்டிரைவ்களில் அது உண்மை. ஆனால் கிளான் செந்தார் வகைப் பெடல்கள் 9 வோல்ட்டை உள்ளேயே ஒரு சில்லு வைத்து இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. அவற்றுக்கு வெளியிலிருந்து 18 கொடுத்தால் முதலில் சாவது அந்தச் சில்லு. பெடலின் புத்தகம் 18 என்று சொன்னாலொழிய வேண்டாம்.

என்ன வாங்கலாம்? டியூனர், ஓவர்டிரைவ், கோரஸ், டிஸ்டார்ஷன் என்று நாலு எளிய பெடல் வைத்திருக்கிற பையனுக்கு, சீர்படுத்திய நல்ல 9 வோல்ட் அடாப்டர் ஒன்றும் மாலை வயரும் போதும். எட்டு வாயில் பெட்டிக்கு அவன் அப்பாவிடம் காசு கேட்க வேண்டாம். ஒரு டிஜிட்டல் டிலே சேர்ந்தால் அதற்கு மட்டும் தனி அடாப்டர். இரண்டு, மூன்று டிஜிட்டல் ஆகிவிட்டால் அப்போது ஐசோலேட்டட் பெட்டிக்குப் போகலாம். அதை, மிதிக்க மிதிக்க 'வா-வா' என்று ஒலிக்கும் வா பெடலுக்கு அடியில் மட்டும் பொருத்தாதீர்கள். வா பெடலுக்குள் ஒரு கம்பிச்சுருள் உண்டு, பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் முனகலை அது வாங்கிக்கொள்ளும்.

வீட்டில் இரைச்சலே இல்லாத பெடல் வரிசை மேடையில் உறுமினால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது எந்த நல்ல பெட்டியும் கொஞ்சம் முனகும். சைன் வேவ் என்றால் தப்பிக்கலாம். உறுமலை நிறுத்த ஆம்பின் எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் சவுண்ட்காரர்கள் இருக்கிறார்கள். சத்தம் நிற்கவும் செய்யும். ஆனால் ஆம்பில் கோளாறு ஏற்படும் நாளில் கிடார் கம்பியில் 230 வோல்ட் வரலாம், வாசிப்பவர் உதடு மைக்கில் படும். அப்படி ஒருவர் கையை வைத்தால், பிளக்கைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாரும் ஒரே பிளக் போர்டிலிருந்து கரண்ட் எடுக்கும்படி ஒரு நீள எக்ஸ்டென்ஷன் கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே உறுமல் அடங்கிவிடும்.