கிரவல் காணிக்கு என்ன பசி?

பிள்ளைகளே, குச்சவெளிக் கடற்கரையில் மண்ணை அள்ளினால் விரலிடுக்கால் வழிந்தோடிவிடும். மேற்கே காட்டுப்பக்கம் போனால் செங்கபில மண். பல இடங்களில் அதற்குள் பரல்கல்லும் கலந்து கிடக்கும். மாரியில் காலில் ஒட்டும். ஆவணி வெயிலில் மண்வெட்டியைத் துள்ள வைக்கும்.

அப்படிப்பட்ட கிரவல் காணியில் சோளனும் குரக்கனும் சிலவேளை மஞ்சளித்து நிற்பது ஏன்? கல்லைப் பொறுக்கி எறிந்தால் சரியாகுமா? கலப்பையை மறிக்கும் பெரிய கல்லை எடுக்கலாம். மேலே கிடக்கும் சிறுகல் மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஈரம் ஆவியாவதையும் குறைக்கும். அது கிடக்கட்டும்.

குறை பிடிமானத்தில். நுண்ணிய களித் துணிக்கைகளுக்கும் உக்கிய இலைதழைக்கும் மறை ஏற்றம் உண்டு. பொற்றாசியம், அமோனியம் போன்ற நேர் ஏற்றமுள்ள ஊட்டங்கள் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். கல்லில் அவ்வளவாக ஒட்டாது. போட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறியதும் அதுவும் மறை ஏற்றம்தான்! ஒட்ட இடமின்றி மழைநீரோடு வேருக்குக் கீழே இறங்கிவிடும். அடைமழைக்கு முன் மொத்தத்தையும் கொட்டினால் ஆற்றில் கரைத்த புளிதான். அதனால்தான் விதைக்கும்போது கொஞ்சம், பயிர் முழங்கால் உயரம் வரும்போது மிச்சம் என்று பிரித்துப் போடுகிறார்கள்.

அப்படியானால் யூரியாவே வேண்டாமா? 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் நாடெங்கும் சரிந்தது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் யூரியா மண்ணுக்குப் பிடிமானம் தராது, கூட்டெரு தரும். இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

கூட்டெருவுக்கு எங்கே போவது? வேலியில் நிற்கும் கிளிசரியாவை வெட்டிப் போடலாம். அதுவும் பயறும் ஒரே தாவரக் குடும்பம். வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனையே பிடித்துக் கொடுக்கும். வைக்கோலை மட்டும் எரிக்க விடாதீர்கள். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது. எரித்தால் நைதரசன் புகையோடு போகும், சாம்பலை மழை அடித்துச் செல்லும்.

ஒரு சோதனை செய்யலாமா? வேலிமர நிழலில் ஒரு மண்கட்டி, வெறுங்காணியில் ஒன்று எடுத்து நன்றாகக் காயவையுங்கள். இரண்டு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் மெல்ல இறக்குங்கள், கலக்க வேண்டாம். உக்கல் குறைந்த கட்டி பெரும்பாலும் சீக்கிரமே பொலபொலவென்று உதிரும். மற்றதைப் பூஞ்சண இழைகளும் உக்கல் பசையும் கட்டிப் பிடித்திருக்கும். எவ்வளவு நேரம் என்று மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள்.