நெடுந்தொலை ஓட்டமும் நாட்பட்ட காயமும்

விளையாட்டுகள் பலவற்றுள்ளும் எளிமையானது ஓட்டம். பந்தோ மட்டையோ வலையோ அதற்கு வேண்டுவதில்லை. பாதையும் விடியற்பொழுதும் இருந்தால் போதும். அவ்வோட்டத்தின் சிகரமாக விளங்குவது மாரத்தான் எனப்படும் நெடுந்தொலை ஓட்டமாகும். 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே அது இடம்பெற்றது. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டர் என்னும் தொலைவு, 1921ஆம் ஆண்டில் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஒரு காலத்தில் தேர்ந்த வீரர்களுக்கே உரியதாக இருந்த இவ்வோட்டம் இன்று பொதுமக்கள் விழாவாகிவிட்டது. சென்னையில் 2012 முதலும், நமக்கு அண்மையிலுள்ள கோயம்புத்தூரில் 2013 முதலும் மாரத்தான் விழாக்கள் நடைபெற்று வருகின்றன. பின்னலாடைத் தொழிலும் கல்வியும் அருகருகே வளர்ந்துவரும் முதலிபாளையம் போன்ற ஊர்களின் இளைஞர்களுக்கும் இவ்விழாக்கள் எட்டாத் தொலைவில் இல்லை. ஆனால், ஆர்வத்தோடு பயிற்சியைத் தொடங்குவோர் பலரும் சந்திக்கும் இடையூறு ஒன்று உண்டு. அதுவே விட்டுவிட்டு வரும் வலி. ஓடத் தொடங்கும்போது வலிக்கும். உடல் சூடேறியதும் மறையும். மறுநாட் காலையில் மீண்டும் தலைகாட்டும். ஓட்டத்தை அடியோடு நிறுத்தும் அளவுக்கு அது கடுமையானதன்று. மறந்துவிடும் அளவுக்கு எளியதுமன்று. போட்டி நாளோ நெருங்கிக்கொண்டிருக்கும். இந்நிலையில் செய்யத்தக்கது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தில், பிணி இன்னதென்று அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, அதைத் தீர்க்கும் முறையையும் அறிந்த பின்னரே செயற்பட வேண்டும் என்று வள்ளுவர் நெறி வகுத்துள்ளார். ஓட்டக்காரரின் கால்வலிக்கும் அவ்வரிசையே பொருந்தும். நம்மவரோ பெரும்பாலும் மூன்றாவதிலிருந்து தொடங்குகின்றனர். வலி எதனால் வந்தது என்று கேட்பதற்கு முன்பே எந்தத் தைலம் தடவலாம் என்று கேட்கின்றனர்.

பிணியை அறிதல்

ஓட்டக்காரர்களுக்கு வரும் நாட்பட்ட காயங்கள் பெரும்பாலும் ஒரு நாளில் விழுந்து எழுந்து பெற்றவை அல்ல. சிறுகச் சிறுகச் சேர்ந்தவை. முழங்கால் சில்லைச் சுற்றித் தோன்றும் வலி, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் ஏற்படும் வலி, காலையில் முதலடி வைக்கும்போது குதியில் குத்தும் அடிப்பாத வலி, கணைக்கால் எலும்பின் உட்புறம் நீண்டு பரவும் வலி ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இவை அனைத்தும் முறையான பயிற்சிக் குறைப்பாலும் வலுவூட்டும் பயிற்சியாலும் தணியக்கூடியவை.

இவற்றிலிருந்து வேறுபடுத்தி அறிய வேண்டியது எலும்பில் ஏற்படும் நுண்விரிசல். எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் மட்டும் வலி இருப்பது, ஓட ஓடக் குறையாமல் கூடுவது, ஒற்றைக்காலில் குதித்தால் சுரீரென்று வலிப்பது, ஓய்விலும் இரவிலும் தொடர்வது ஆகியன அதன் அடையாளங்கள். இடுப்புக்கும் தொடைக்கும் இடைப்பட்ட கவட்டைப் பகுதியில் இத்தகைய வலி தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துபோகும் ஆபத்து உண்டு. தொடக்க வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் நுண்விரிசல் தெரியாமற்போவது இயல்பு. எனவே, படத்தில் ஒன்றுமில்லை என்பதை ஓடலாம் என்பதற்கான அனுமதியாகக் கொள்ளக்கூடாது. எம்.ஆர்.ஐ. ஆய்வே அதைத் தெளிவாகக் காட்டும்.

மூலத்தை அறிதல்

ஒரு முழு மாரத்தானை ஓடி முடிக்க ஏறத்தாழ 40,000 காலடிகள் வைக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இவ்விசை தீமையன்று. எலும்பும் தசையும் தசைநாணும் வலுப்பெறுவதே இத்தகைய விசையால்தான். ஆனால் அவை ஒரே வேகத்தில் வலுப்பெறுவதில்லை. இதயமும் தசைகளும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. குருதியோட்டம் குறைந்த தசைநாண்களும், மெல்லப் புதுப்பிக்கப்படும் எலும்புகளும் பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. எலும்பு தன்னைப் புதுப்பிக்கும்போது பழுதான பகுதி முதலில் அரித்து அகற்றப்படும். புதிய எலும்பு பின்னரே நிரப்பப்படும். அகற்றுதல் விரைவில் நிகழும். நிரப்புதல் மெல்ல நிகழும். இந்த இடைக்காலத்தில் எலும்பு முன்னிலும் வலிமை குன்றியிருக்கும். மூச்சு வாங்கவில்லை, களைப்பு இல்லை என்று எண்ணித் தொலைவை விரைந்து கூட்டுவோர் காயமுறுவது இதனால்தான்.

நம் பகுதிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. பயிற்சி நூல்களில் கூறப்படும் அட்டவணைகள் பலவும், ஓடாத நேரத்தில் உடல் ஓய்வாக இருக்கும் என்று கருதி வகுக்கப்பட்டவை. பனியன் கம்பெனியில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் பிரிவுகளில் பணிபுரிவோர் நாள் முழுதும் சிமெண்டுத் தரையில் நிற்கின்றனர். தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்போரின் கால் மிதியிலிருந்து அகல்வதில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பி, விடியுமுன் எழுந்து ஓடும் இளைஞனுக்கு உறக்கமும் குறைகிறது. நின்ற நேரமும் இழந்த உறக்கமும் காலின் கணக்கில் ஏறும் சுமைகளே. ஆகவே அத்தகையோர் அட்டவணையை அப்படியே பின்பற்றாது, ஒன்றரை ஷிப்ட் பார்த்த மறுநாளை ஓய்வு நாளாகவோ எளிய ஓட்ட நாளாகவோ மாற்றிக்கொள்ளல் வேண்டும். காலையே நம்பிப் பிழைப்பவருக்கு ஒரு முறிவு என்பது பதக்க இழப்பன்று. பல வாரக் கூலி இழப்பாகும்.

உணவையும் மறக்கலாகாது. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாதவரின் எலும்பு எளிதில் பழுதுறும். பயிற்சிக் காலத்தில் பெண்களுக்கு மாதவிடாய் தவறிப்போவது பயிற்சியின் சிறப்பன்று. உணவு போதவில்லை என்பதை உடல் தெரிவிக்கும் எச்சரிக்கையாக இருக்கலாம். அதற்கு மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது.

வரலாறு தரும் பாடங்கள்

எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலுடன் ஓடித் தங்கம் வென்றவர். 1964ஆம் ஆண்டு டோக்கியோப் போட்டிக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன் அவருக்குக் குடல்வால் அறுவை செய்யப்பட்டது. எனினும் அவர் மீண்டும் தங்கம் வென்றார். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகரிலோ காயமுற்ற காலுடன் களமிறங்கிய அவரால் 17 கிலோமீட்டர் அளவிலேயே விலக நேர்ந்தது. ஒரே வீரர், ஒரே மனவுறுதி. முன்னது ஓட்டத்தின் சுமையைத் தாங்காத உறுப்பில் ஏற்பட்டது. பின்னது அச்சுமை முழுவதையும் தாங்கும் காலில் ஏற்பட்டது. மனவுறுதி எல்லாவற்றையும் வெல்லும் என்று மேடைகளில் பேசுவோர் இவ்வேறுபாட்டைச் சிந்தித்தல் நலம்.

அமெரிக்க வீராங்கனை சோன் பெனாய்ட் 1984ஆம் ஆண்டு முழங்காலில் நுண்துளை அறுவை செய்துகொண்ட 17ஆம் நாளில் தகுதிப் போட்டியில் ஓடி வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் இலாசு ஏஞ்சல்சில் நடைபெற்ற, ஒலிம்பிக் வரலாற்றின் முதல் மகளிர் மாரத்தானில் 2 மணி 24 நிமிடம் 52 விநாடிகளில் ஓடித் தங்கமும் பெற்றார். இவ்வெற்றியைப் போற்றுவோர் அதன் உட்பகுதியைச் சொல்வதில்லை. அறுவைக்குப்பின் அக்காலைக் காத்துக்கொண்டு விரைந்து பயிற்சி செய்ததால் மற்றைக் காலின் தொடைப் பின்தசையில் அவருக்குப் புதிய காயம் உண்டாயிற்று. ஒரு காலின் வலியை மறைத்து ஓடினால் மறுகால் அதன் விலையைச் செலுத்த நேரும் என்பதற்கு இது சான்று.

பிரித்தானிய வீராங்கனை பாலா இராட்கிளிஃப் 2003ஆம் ஆண்டு 2 மணி 15 நிமிடம் 25 விநாடிகளில் ஓடி உலக சாதனை படைத்தவர். மறு ஆண்டு ஏதென்சு ஒலிம்பிக்கிற்குச் சற்று முன்னர்க் காலில் காயம் ஏற்பட, அழற்சி தணிக்கும் மருந்துகளை மிகுதியாக உட்கொண்டார். அவை வயிற்றைப் பாதிக்க, உண்ட உணவின் ஆற்றல் உடலில் சேரவில்லை. ஏறத்தாழ 36ஆம் கிலோமீட்டரில் அவர் சாலையோரத்தில் அமர்ந்துவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கு மாரத்தானில் வென்றார் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

நம் நாட்டின் பி.டி. உஷா நெடுந்தொலை வீராங்கனை அல்லர். ஆயினும் அவர் கதையும் இதுவே. குதிகால் காயத்துடன் 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் ஓடி, முதற்சுற்றிலேயே வெளியேறினார். மறு ஆண்டு தில்லியில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கமும் இரண்டு வெள்ளியும் வென்றார். தவறிய போட்டி வாழ்வின் இறுதிப் போட்டியன்று என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

தீர்க்கும் முறை

முதலாவது, வலியை அளத்தல். வலியே இல்லாத நிலைக்குப் பூச்சியம், தாங்கவொண்ணா நிலைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், ஓடும்போது மூன்றுக்கு மேற்படாததும், மறுநாட் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்புவதுமான வலியோடு அளவாக ஓடலாம். அதற்கு மேற்பட்டாலோ, நடை கோணினாலோ, அன்றைய ஓட்டத்தை நிறுத்துதல் வேண்டும். எலும்பு விரிசல் ஐயம் இருப்பின் இவ்விதி பொருந்தாது. அப்போது ஓட்டமே கூடாது. நாள்தோறும் ஓடிய தொலைவு, நின்ற நேரம், மறுநாட் காலையின் வலி ஆகிய மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிவந்தால் இரண்டு வாரங்களில் காரணம் தானே புலப்படும்.

இரண்டாவது, சுமையைக் குறைத்தல். முற்றிலும் படுத்துக்கிடப்பதும் நன்றன்று. காயத்திற்கு ஓய்வும் பனிக்கட்டியும் என்னும் முறையை 1978ஆம் ஆண்டு பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்க்கின், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாதலைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014ஆம் ஆண்டில் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். வேக ஓட்டத்தையும் மேட்டு ஓட்டத்தையும் முதலில் விடுக. பின்னர்த் தொலைவைக் குறைத்திடுக. குறைந்த நாட்களுக்கு ஈடாகச் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். ஓரிரு வாரங்கள் ஓடாதிருப்பதால் மாதக்கணக்கில் ஈட்டிய திறன் அழிந்துவிடாது. முழங்கால் வலியுடையோர் அடிகளைச் சற்றுக் குறுக்கி, நிமிடத்திற்கு வைக்கும் அடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினால் முழங்காலின் சுமை குறையும்.

மூன்றாவது, வலுவூட்டல். சுவீடன் நாட்டு மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃபிரட்சன் குழுவினர் குதிகால் தசைநாண் வலிக்கு வகுத்த பயிற்சி 1998ஆம் ஆண்டு வெளியாயிற்று. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, வலியுள்ள காலின் குதியை மெல்லக் கீழிறக்குவதே அப்பயிற்சி. முழங்கால் நேராக இருக்க 15 முறை வீதம் மூன்று சுற்று. சற்று மடித்து அவ்வாறே மூன்று சுற்று. நாளுக்கு இரு வேளை. ஆக ஒரு நாளைக்கு 180 முறை, 12 வாரங்கள். அவ்வாய்வில் பங்கேற்ற 15 ஓட்டக்காரர்களும் மீண்டும் ஓடத் தொடங்கினர். இதற்குக் கருவி எதுவும் வேண்டா. வீட்டு வாசற்படி போதும். வேண்டுவது 12 வாரப் பொறுமை மட்டுமே.

நான்காவது, வலிநீக்கி மாத்திரைகளைத் தவிர்த்தல். ஐபுப்ரோபென், டைக்குளோபினாக் போன்றவற்றை விழுங்கிவிட்டு நெடுந்தொலைவு ஓடினால், வியர்வையால் நீர் வற்றிய உடலில் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அன்றியும், எச்சரிக்கும் மணியின் நாக்கைக் கட்டிவிட்டு நெருப்பு அணைந்ததாக எண்ணுவது அறிவுடைமை ஆகாது.

போட்டி நாளும் முடிவும்

போட்டிக்குப் பத்து வாரங்களுக்கு மேல் இருப்பின், இரண்டு மூன்று வாரங்களைக் காயத்திற்கென ஒதுக்கி, நடையும் ஓட்டமும் கலந்து மீண்டும் தொடங்க நேரம் உண்டு. தவறவிட்ட தொலைவைச் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயல்வது புதிய காயத்திற்கே வழியாகும். ஆறு வாரங்களே இருப்பின், காலக் குறியைக் கைவிட்டு, ஓடி முடித்தலை மட்டும் இலக்காகக் கொள்ளலாம். அரை மாரத்தானுக்கு மாறிக்கொள்ளவும் செய்யலாம். இறுதி மூன்று வாரங்கள் எவருக்கும் பயிற்சியைக் குறைக்கும் காலமே. அப்போது கூட்டுவதால் பயனில்லை. போட்டிக்கு ஒரு வாரம் முன்பும் விரைந்து நடக்கையிலேயே வலிக்குமானால், அவ்வாண்டு ஓடாதிருப்பதே தக்க முடிவு. பதிவுக் கட்டணம் போயிற்றே என்பதற்காகக் காலையும் இழக்க வேண்டியதில்லை.

இவ்வுண்மையை நம் ஊரின் தொழிலே நாள்தோறும் உணர்த்துகிறது. வட்டப் பின்னல் எந்திரத்தில் ஒரு நூல் அறுந்தால் எந்திரம் தானே நின்றுவிடும். ஓர் ஊசி பழுதானதைக் கவனியாமல் ஓட்டினால் துணி நெடுகிலும் கோடு விழும். அந்த ஓர் ஊசிக்காக எந்திரத்தை நிறுத்துபவரை எவரும் சோம்பேறி என்பதில்லை. தொழில் தெரிந்தவர் என்றே கூறுவர். பின்னி முடித்த துணியையும் உடனே வெட்டுவதில்லை. இழுவிசை தளரும்வரை விரித்துப் போட்டு வைத்த பின்னரே வெட்டுகின்றனர். அவசரப்பட்டு வெட்டினால் ஆடை சுருங்கும். துணிக்குக் காட்டும் பொறுமையைத் தம் உடலுக்கும் காட்டுதல் மாணவர்க்குக் கடன். ஓடும் பிள்ளைகளைக் கண்டு, நின்றுவிட்டாயே என்று ஏசாமல், ஏன் நின்றாய் என்று அன்போடு கேட்டறிதல் ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும் கடன். போட்டி ஆண்டுதோறும் வரும், கால்களோ இரண்டே.