கம்பனிக்குப் பின்னால் யார்?

காணி வாங்க வருபவர் தம் பெயரை விட்டு ஒரு கம்பனியின் பெயரைச் சொன்னால், அது எந்த நாட்டில் பதியப்பட்டது என்று நாம் கேட்க வேண்டும். உரிமையாளர் பெயர் வெளியே தெரிவதும் தெரியாததும் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்ததே.

பெயரை மறைக்க விரும்புவோர் இடம் பார்த்துத்தான் பதிகிறார்கள். அமெரிக்காவின் டெலவெயர், வயோமிங், நியூ மெக்சிக்கோ மாநிலங்களில் எல்.எல்.சி. எனப்படும் கம்பனியைப் பதியும்போது, பொதுப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர் இடம்பெற வேண்டியதில்லை. அங்குள்ள ஒரு முகவரின் பெயரும் விலாசமும் இருந்தால் போதும். பிரித்தானிய கன்னித் தீவுகளும் இவ்வகையில் பெயர்பெற்றவை. 2016இல் வெளியான பனாமா ஆவணங்களில் கண்ட இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கம்பனிகளில் பாதிக்கு மேல் அங்கே பதியப்பட்டவை.

மறைப்போர் எல்லோரும் கள்வர் அல்லர். வீட்டு விலாசம் பகிரங்கமாவதை அஞ்சுவோரும் உண்டு; அந்த அச்சம் நமக்குப் புதிதல்ல.

பிரித்தானியாவில் 2016 முதல், கம்பனியை ஆள்பவரின் பெயரை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவோ, பெயரை அரசுக்காவது தெரிவிக்க வேண்டுமென 2021இல் சட்டம் செய்து, 2025 மார்ச்சில் உள்நாட்டுக் கம்பனிகளுக்கு விலக்களித்தது.

இலங்கையில் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், பாதி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டார் கையிலுள்ள கம்பனிக்குக் காணி மாற்றுவதை, சில விலக்குகளுடன், தடுக்கிறது. ஆகவே உறுதியில் கையொப்பமிடுமுன், பங்குதாரர் யாரெனக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் பார்ப்போம். அங்கும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பெயரே இருந்தால், அதன் சொந்தக்காரர் பெயரை எழுத்தில் கேட்போம்.